கடை முகப்பும் தறிக் கூலியும்

மாலை ஆறரை மணிக்குத் தாம்பரம் இரயில் நிலையத்தின் மேற்கு வாயிலில் சற்று நேரம் நின்று பாருங்கள். கடற்கரையிலிருந்து வந்த மின்சார இரயில் நின்றதும் நூற்றுக்கணக்கானோர் இறங்குகின்றனர். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் பெருஞ்சாலையைக் கடந்து சண்முகம் சாலைக்குள் நுழைகின்றனர். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் கைப்பேசி, மனத்திலோ இரவுச் சமையலுக்கான காய்கறி, பிள்ளைக்கு வாங்க வேண்டிய நோட்டுப் புத்தகம், அடுத்த வாரம் வரும் கிருகப்பிரவேசத்துக்கு ஒரு சேலை. இவர்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவர்கள் பார்ப்பது காலுக்கு முன்னே உள்ள பள்ளத்தையும், எதிரே வரும் இரு சக்கர வண்டியையுந்தான். பத்தடி அகலமுள்ள ஒரு கடையின் முகப்பை ஒருவர் இயல்பாக நடந்து கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடிக்குள் கடை தன்னை இன்னதென்று சொல்லியாக வேண்டும்.

சொல்லாவிட்டால் என்ன நேர்கிறது என்பதை நெசவாளர் சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விற்காத சேலை அலமாரியில் இருக்கும் வரையில், அதற்கு இட்ட நூலின் விலையும் சாயத்தின் விலையும் கொடுத்த கூலியும் அங்கேயே முடங்கிக் கிடக்கின்றன. சங்கத்தின் பணம் முடங்கினால் அடுத்த பாவு தாமதமாகிறது. பாவு தாமதமானால் தறி நிற்கிறது. ஒரு கோர்வைப் பட்டுச் சேலையை நெய்ய இருவர் பல நாள் உழைக்கின்றனர். அவ்வுழைப்பின் கடைசி அடி கடைப் பலகையில்தான் நிறைவேறுகிறது. ஆதலின் பொருளைப் பார்வைக்கு வைக்கும் முறையைப் பணக்காரக் கடைகளின் ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. அது கூலியைப் பற்றிய விஷயம்.

சென்ற தீபாவளிக்கு முன்பு, தென் புறநகர்ப் பகுதியில் உள்ள ஒரு கூட்டுறவு விற்பனை நிலையத்துக்குச் சென்றிருந்தேன். எந்த நிலையம் என்பது வேண்டா. வாயிலின் குறுக்கே தள்ளுபடி அறிவிக்கும் பெரிய துணிப் பதாகை ஒன்று கட்டப்பட்டிருந்தது. அது உள்ளிருந்த சேலைகளை முக்காலும் மறைத்துவிட்டது. உள்ளே கண்ணாடி அலமாரிகள். அவற்றுள் பாலிதீன் உறையிட்ட சேலைகள், மடிப்பு மட்டும் நான்கு விரற்கடை தெரியும்படி, ஏட்டுச்சுவடிகளைப் போல அடுக்கப்பட்டிருந்தன. எண்பதாம் நம்பர் பருத்திச் சேலை ஒன்று பார்க்க வேண்டும் என்றேன். அலமாரியின் சாவி தேநீர் அருந்தச் சென்றிருந்தது. அதற்குள் இரு பெண்மணிகள் வாயில் வரை வந்து, பதாகையைப் படித்து, உள்ளே எட்டிப் பார்த்து, அடுத்த கடைக்குப் போய்விட்டனர். அங்கே விசைத்தறிச் சேலை ஒன்றின் முந்தானை, ஆள் உயரத்துக்கு, மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சாவி வந்த பின்பு விற்பனையாளர் எனக்கு எடுத்துக் காட்டிய சேலையோ மிக நேர்த்தியானது. இரு பக்கமும் கோபுரக் கரை, மாம்பழ மஞ்சள் உடல். அதை அந்தப் பெண்மணிகள் பார்த்திருந்தால் வாங்கியிருப்பார்களோ மாட்டார்களோ, அறியேன். ஆனால் அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை என்பது நிச்சயம்.

தள்ளுபடியை நான் குறை கூறவில்லை. தீபாவளிக் காலத்து 30 விழுக்காடு தள்ளுபடி கோ-ஆப்டெக்ஸ் நிலையங்களுக்கு எத்தனையோ வாடிக்கையாளர்களை ஆண்டுதோறும் அழைத்து வருகிறது. 1935-ஆம் ஆண்டில் தோன்றிய அத்தலைமைச் சங்கம் இத்தனை காலம் நிலைத்திருப்பதில் அதற்கும் பங்குண்டு. எனினும் தள்ளுபடியே ஒரு கடையின் ஒரே அலங்காரம் ஆகிவிட்டால், தள்ளுபடி இல்லாத மாதங்களில் அக்கடைக்கு முகமே இல்லாமற் போகிறது.

பழைய வணிகர் அறிந்திருந்தவை

இக்கலையை நாம் பிறரிடம் கடன் வாங்க வேண்டும் என்பதில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் பறந்த கொடிகளை விரிவாகச் சொல்கிறது. மதுரைக் காஞ்சியிலோ நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கொரு சந்தையும் இரவுக்கொரு சந்தையும் வருகின்றன. தொலைவிலிருந்தே கடையை அடையாளம் காட்டுவதும், இருட்டிய பின் விளக்கொளியில் சரக்கை விளங்கச் செய்வதும் அந்நாளிலேயே நம்மவர் கைவந்த தொழில்கள்.

அண்மைக் காலம் வரையில் நம் ஜவுளிக் கடைகளில் மெத்தை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்து, விற்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் ஒரு பக்கமுமாக அமர்ந்திருந்தனர். விற்பவர் ஒரு சேலையை எடுத்து, முந்தானையின் ஒரு முனையைப் பிடித்து, ஒரே வீச்சில் விரித்துவிடுவார். கரை ஒரு பக்கம் ஓட, உடல் நடுவே பரவ, முந்தானை வாங்குபவரின் முழங்காலருகே வந்து நிற்கும். சேலையின் மூன்று பகுதிகளும் ஒரே கணத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும், கைக்கும் எட்டிவிடும். கண்ணாடிக் கதவும் உயர்ந்த மேசையும் வந்தபோது, இடம் மிச்சமாயிற்று, தூசி குறைந்தது, களவும் குறைந்தது. அந்த வீச்சு மட்டும் போய்விட்டது. மெத்தைக்கு நாம் திரும்ப வேண்டா. ஆனால் கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும், வாயிலிலிருந்து பார்க்கும்படியாக, குறைந்தது மூன்று சேலைகளாவது முழு முந்தானையும் தெரிய விரிந்திருக்க வேண்டும். ஒரு மூங்கிற்கழியும் இரண்டு கயிறும் இருந்தால் இது நடக்கும்.

கொலு வைக்கும் வீடுகளில் பிறந்தவர்களுக்கு மற்றொன்றும் தெரியும். நவராத்திரியில் ஐந்து படியோ ஏழு படியோ அமைத்து, அதன்மேல் வெள்ளை வேட்டியை மடிப்பின்றி விரித்து, பெரிய பொம்மைகளை மேலும் பின்னுமாக, சிறியவற்றைக் கீழும் முன்னுமாக வைக்கிறோம். எந்தப் பொம்மையும் மற்றொன்றை மறைப்பதில்லை. பின்னால் வெண்மை இருப்பதால் ஒவ்வொரு வண்ணமும் தனித்துத் தெரிகிறது. மேற்படியில் கலசத்தைச் சுற்றிச் சற்று வெற்றிடம் விடுகிறோம்; அதனால் கண் முதலில் அங்கே போய்ப் பின் கீழே இறங்குகிறது. அயல் நாடுகளில் கடை அலங்காரம் கற்பிக்கும் பள்ளிகள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பவற்றில் பாதி இதில் அடங்கியிருக்கிறது. நான்கு மரப்பெட்டிகளும் இரண்டு பலகைகளும் கொண்டு நம் நிலையத்தின் முகப்பில் மூன்று படிகள் அமைத்துவிடலாம். மேற்படியில் ஒரே ஒரு பொருள். அந்த வாரத்தில் நாம் விற்க விரும்பும் பொருள். அத்துடன் நிறுத்திக்கொள்ள மனத்திடம் வேண்டும். கிடங்கில் உள்ளதையெல்லாம் முகப்பில் தொங்கவிட்டால் கடைக்காரருக்குத் திருப்தி உண்டாகலாம். பார்ப்பவருக்கு ஒன்றும் கண்ணில் நிற்பதில்லை.

எதிர்மாறான உதாரணம் ஒன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாற்காலி, செடித் தொட்டி, கடிகாரம், ஆணி, குழாய், துணி என எல்லாம் தரையில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் எதுவும் மறைந்திருப்பதில்லை. எல்லாவற்றையும் குனிந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். அச்சந்தைக்கு மக்கள் ஓயாமல் வருவதற்கு மலிவு விலை ஒன்றே காரணம் என்று நான் நம்பவில்லை. தொட்டுப் பார்க்கும் உரிமையும் ஒரு காரணம்.

கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பிடத்திலும் நெசவாளர்களே கடைக்காரர்களாயினர் என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் டோட் லேன் தெருவில் அவர்கள் திறந்த கடையில் இருந்த சரக்கு இவ்வளவே: 28 இராத்தல் வெண்ணெய், 56 இராத்தல் சர்க்கரை, ஆறு ஹண்டர்வெயிட் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். கதவுப் பலகையை அகற்றவே அவர்கள் கூச்சப்பட்டனர் என்றும், தெருப்பிள்ளைகள் வெளியே நின்று கேலி செய்தனர் என்றும் அவ்வியக்கத்தின் வரலாறு கூறுகிறது. அவ்வளவு சொற்பமான சரக்கை வைத்துக்கொண்டு அவர்கள் கலப்படமற்ற பொருளையும் சரியான எடையையுமே காட்டினர். அதே வழியைப் பின்பற்றி 1904-ஆம் ஆண்டில் நம் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

சரக்குக் குறைவாக இருக்கும் சங்கங்களுக்கு ஒரு சொல். பெரிய கூடையில் பாதி கிடக்கும் கத்தரிக்காய் கழித்துப் போட்ட மிச்சம் போலத் தோன்றும். அதே காய் சிறிய கூடையில் விளிம்புவரை நிறைந்திருந்தால் இன்று காலை பறித்து வந்தது போலத் தோன்றும். கூடையைச் சிறிதாக்குவதில் பொய்யேதும் இல்லை.

வெளிச்சம் என்னும் சங்கடம்

பட்டு வாங்க வரும் பெண்கள் சேலையை எடுத்துக்கொண்டு கடை வாயிலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பதைக் காணாத விற்பனையாளர் இல்லை. சிலர் இதை அவநம்பிக்கை என்று கருதி முகம் சுளிக்கின்றனர். அந்தப் பெண்மணிகள் செய்வதே சரி. இரு சாயங்கள் ஒருவகை விளக்கின்கீழ் ஒன்றாகத் தோன்றி, பகல் வெளிச்சத்தில் வேறாகத் தோன்றுவதுண்டு. அரக்கும் கருஞ்சிவப்பும், கருநீலமும் கறுப்பும், மயில் கழுத்து வண்ணத்தின் பச்சையும் நீலமும் இவ்வாறு ஏமாற்றுபவை. ஊடை ஒரு நிறமும் பாவு வேறு நிறமுமான துணியில் இது இன்னும் அதிகம்.

இப்போது எல்லாக் கடைகளிலும் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. அவற்றை வாங்கும்போது நாம் வாட் கணக்கையும் விலையையும் மட்டும் பார்க்கிறோம். நல்ல விளக்குகளின் உறையில் வேறு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கெல்வின் அளவு. 3,000 அளவில் ஒளி மஞ்சள் சாயலாக இருக்கும், ஜரிகை பளபளக்கும், ஆனால் வெள்ளை வேட்டி பழுப்பேறியது போலத் தெரியும். 6,500 அளவில் ஒளி நீலச் சாயலாக இருக்கும். வேட்டி வெளுப்பாகத் தெரியும். ஜரிகையும் சிவப்பும் மங்கும். இடைப்பட்ட 4,000 முதல் 5,000 வரையில் உள்ளது ஜவுளிக்குப் பொதுவாக ஏற்றது. மற்றொன்று சி.ஆர்.ஐ. என்னும் எண். விளக்கு வண்ணங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை நூறுக்கு இத்தனை என்று அது சொல்லும். சாதாரண விளக்குகளில் அது 80 அளவில் இருக்கும். சேலை விரித்துக் காட்டும் மேசைக்கு நேர்மேலே மட்டுமாவது 90-க்கு மேற்பட்ட விளக்கு இரண்டு பொருத்துங்கள். கடை முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. அதற்கு மேலும் வாங்குபவர் வாயிலுக்குப் போக விரும்பினால், நாமே முன்னால் எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. அதற்கென்று வாயிலருகே ஒரு சிறு மேசையும் ஓர் ஆளுயரக் கண்ணாடியும் இருந்தால் எவ்வளவோ உத்தமம்.

வெயில் உண்மையைக் காட்டும்; அதே வெயில் சாயத்தைத் தின்றும்விடும். மேற்குப் பார்த்த கடைகளில் பிற்பகல் முழுவதும் முகப்பில் வெயில் விழுகிறது. ஒரே சேலையை ஒரு மாதம் பொம்மைக்கு உடுத்தி வைத்துவிட்டுப் பின்பு அதை விற்க முயல்வது சங்கத்துக்கும் நஷ்டம், வாங்குபவருக்கும் நஷ்டம். வாரத்துக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். மாற்றும்போது மடிப்பையும் மாற்றி மடிக்க வேண்டும். பட்டும் ஜரிகையும் ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும் என்பதை நெய்தவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரந்தோறும் மாற்றுவதில் வேறோர் இலாபமும் உண்டு. நாள்தோறும் அதே வழியாக நடப்பவர் திங்கட்கிழமையன்று புதிதாக ஒன்றைக் காண்கிறார்.

யார் நடக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு வந்தது முதல் இங்கே மாணவர் கூட்டம் உண்டு. சானடோரியம் பக்கத்தில் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தில் பணி முடிந்து வெளிவரும் தொழிலாளர்களில் பெண்கள் மிகுதி. விமானப்படைக் குடியிருப்பில் பல மாநிலத்தவர் வாழ்கின்றனர். இவர்கள் எல்லாரும் முகூர்த்தப் பட்டுக்கு வருபவர்கள் அல்லர். கல்லூரிப் பெண்ணுக்கு ஒரு துப்பட்டா, தொழிலாளப் பெண்ணுக்கு அன்றாடம் உடுக்கத்தக்க பருத்திச் சேலை, வெளிமாநிலத்துக் குடும்பத்துக்கு ஊருக்கு எடுத்துச் செல்ல ஒரு ஜமுக்காளமோ துண்டோ. இவற்றை முகப்பில் வைக்காமல் பத்தாயிரம் ரூபாய்ப் பட்டை மட்டும் வைத்தால், அவர்கள் இது தமக்குரிய கடை அன்று என்று முடிவு செய்து போய்விடுவர். குரோம்பேட்டையில் பெருஞ்சாலையோரம் மாடிமேல் மாடியாக எழுந்துள்ள ஜவுளி மாளிகைகளோடு மாளிகை அளவில் நாம் போட்டியிட முடியாது. வீட்டுக்குப் போகும் வழியில் இருப்பது ஒன்றே நமக்குள்ள அனுகூலம். 2013-ஆம் ஆண்டு சனவரியில் கோ-ஆப்டெக்ஸ் ‘வேட்டி தினம்’ என்று ஒன்றைத் தொடங்கி, இளைஞர்கள் மறந்திருந்த ஒரு சாதாரண உடையை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. முகப்பில் வைப்பதற்கு விலை உயர்ந்த பொருள்தான் வேண்டும் என்பதில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

அனகாபுத்தூரின் துணியும் ஒரு சிறு அட்டையும்

தாம்பரம் மாநகராட்சி 2021-ஆம் ஆண்டில் அமைந்தபோது அதில் சேர்ந்த ஊர்களுள் அனகாபுத்தூரும் ஒன்று. அடையாற்றங்கரையில் உள்ள இவ்வூர் நெசவாளர்கள் முற்காலத்தில் ‘ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்’ என்னும் கட்டம் போட்ட துணியை நெய்து, அது கப்பலேறி நைஜீரியாவுக்குச் சென்றது. அங்கே கலாபாரி மக்கள் அத்துணியை மங்கலக் காரியங்களுக்கும் இறுதிச் சடங்குகளுக்கும் உரியதாகப் போற்றினர். 1970-களில் அந்நாடு இறக்குமதியைத் தடுத்ததும் அச்சந்தை சரிந்தது, தறிகள் குறைந்தன. பின்னர் இவ்வூரார் சிலர் வாழைநார், சணல் முதலிய இயற்கை நார்களைப் பருத்தியோடும் பட்டோடும் கலந்து நெய்யத் தொடங்கி, அதனால் பெயர் பெற்றனர்.

வாழைநார்ச் சேலை ஒன்றை மடித்துக் கண்ணாடிக்குள் வைத்தால் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? சற்று மினுமினுக்கும் பருத்திச் சேலை என்று எண்ணுவார். விலையைக் கேட்டால் திகைப்பார். அதே சேலையின் பக்கத்தில் ஒரு முழம் வாழைமட்டை, அதிலிருந்து உரித்த நார், நாரை முடிந்து செய்த இழை, பின்பு துணி என்று நான்கையும் வரிசையாக ஒரு பலகையில் வைத்துப் பாருங்கள். ஒரு வார்த்தையும் பேசாமலே விலைக்குரிய காரணம் விளங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் நின்று தொட்டுப் பார்ப்பர். அவர்களுடன் வந்த தாய்மாரும் நிற்பர். நம் பயிர்த்தொழில் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. தார் வெட்டிய பின் தோட்டத்தில் அழுகும் தண்டுதான் அந்தப் பலகையின் முதற்பொருள்.

பொருளுக்கு அருகே வைக்கும் அட்டையைப் பற்றி நம் நிலையங்கள் போதிய அக்கறை கொள்வதில்லை என்பது என் எண்ணம். விலையைக் கேட்க வெட்கப்பட்டு வெளியேறுவோர் அநேகர். அவர்களைக் கடைக்காரர் அறிவதே இல்லை. ஜப்பானில் எடோ நகரத்தில் 1673-ஆம் ஆண்டில் மிட்சுயி தகதோஷி என்பவர் திறந்த எசிகோயா என்னும் ஜவுளிக் கடை, பேரம் இல்லாத ஒரே விலை, ரொக்க வியாபாரம் என்ற இரண்டு ஏற்பாடுகளால் ஓங்கியது. நம் கூட்டுறவுக் கடைகளிலும் ஒரே விலைதான். ஆனால் அவ்விலை பெரும்பாலும் மடிப்புக்குள் ஒட்டிய துண்டுச் சீட்டில் ஒளிந்திருக்கிறது. அதைத் தமிழில், இரண்டடி தூரத்திலிருந்து படிக்கும்படி எழுதி வெளியே வையுங்கள். உழவர் சந்தையில் அன்றாட விலைப் பலகை வாயிலிலேயே நிற்கிறது. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் முதற்சந்தை திறந்தது முதல் நுகர்வோர்க்கு அதன்மேல் நம்பிக்கை பிறந்ததற்கு அப்பலகையும் ஒரு காரணம்.

விலையோடு வேறு என்ன எழுதலாம்? நூல் நம்பர், நெய்த ஊர், நெய்ய ஆன நாட்கள், துவைக்கும் விதம். கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலைகளுடன் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்தளித்தபோது அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. வாங்குபவருக்குத் தம் சேலைக்கு ஒரு முகம் கிடைத்தது. 2006-ஆம் ஆண்டில் வந்த கைத்தறி முத்திரையும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். உள்மடிப்பில் இருந்து பயனில்லை.

துவைக்கும் விதத்தை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். 1958-ஆம் ஆண்டில் நடந்ததாக விளம்பர உலகில் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. ஜேகப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர், லீலா லேஸ் நிறுவனத்தின் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கினார். சாயம் இறங்கும், குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவரோ அதை வாங்கி விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குச் சொல்ல மறந்தார். ஆடை வாங்கியவர்கள் இயந்திரத்தில் வெளுத்தனர், வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்தன, புகார்கள் குவிந்தன. வழக்குப் போட நினைத்தவர்கள் பின்பு விளம்பர நிபுணர் ஒருவரின் யோசனையால், ஒவ்வொரு சலவைக்கும் புது வண்ணம் காட்டும் அதிசயத் துணி என்று அதையே அறிவிக்க, சரக்கு அமோகமாக விற்றதாம். சாயம் போவதைப் பெருமையாக்கும் அந்தச் சாமர்த்தியம் நமக்கு வேண்டா. ‘முதல் மூன்று முறை தனியாக, உப்பிட்ட குளிர்ந்த நீரில் அலசவும்’ என்று ஓர் அட்டை இருந்திருந்தால் புகாரே எழுந்திராது என்பதுதான் நம் அங்கத்தினர்க்குரிய செய்தி.

காய்கறி, கனி விற்கும் அங்கத்தினர்களுக்குச் சில குறிப்புகள். 2013-இல் தமிழ்நாட்டுக் கூட்டுறவுத் துறை சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பண்ணைப் பசுமைக் கடைகளைத் திறந்தபோது விலைக் குறைவே அவற்றின் விளம்பரமாயிற்று; விலை மட்டும் என்றும் போதாது. பச்சை நிறக் காய்களை எல்லாம் ஒரே பக்கத்தில் குவித்தால் வெண்டைக்கும் அவரைக்கும் வேற்றுமை தெரிவதில்லை. இடையே தக்காளியோ கேரட்டோ வையுங்கள். கீரையை நனைத்த சாக்கின்மேல் வேர் உள்நோக்கி அடுக்கி, மணிக்கொருமுறை நீர் தெளியுங்கள். வாழைப்பழத்தை அடுக்கி நசுக்காமல் தாராகவோ சீப்பாகவோ தொங்கவிடுங்கள். கீரை, வெள்ளரி முதலியவற்றின் பக்கத்தில் வேண்டா. பழுக்கும் பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு அவற்றை விரைவில் மஞ்சளாக்கும். பழங்களைக் கோபுரமாக அடுக்கினால் மேலிருந்து இரண்டை நீங்களே எடுத்துவிடுங்கள். கலையாத கோபுரத்தில் கைவைக்க வாங்குபவர் தயங்குவார். முதலில் வந்த சரக்கு முதலில் விற்க வேண்டும் என்பதால், புதிய சரக்கைப் பின்னாலிருந்து நிரப்புக. மஞ்சள் தூள், பருப்பு முதலியவற்றைப் பொட்டலமாக விற்போர், 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை ஆகியவற்றை அச்சிடக் கடமைப்பட்டவர்கள். அவ்வெழுத்துகள் முன்பக்கம் தெரியும்படி அடுக்கினாற் போதும்.

கடையை விட்டுப் போகும் பொருளும் கடையின் முகப்புத்தான். முன்னாளில் ஒவ்வொரு ஜவுளிக் கடையும் தன் பெயர் அச்சிட்ட மஞ்சள் பையில் துணியைப் போட்டுக் கொடுத்தது. அந்தப் பை இரயிலில் ஏறிச் செங்கற்பட்டு வரை போய்ப் பல ஆண்டுகள் அக்கடையின் பெயரைச் சுமந்தது. இடையில் பிளாஸ்டிக் பை அதை ஒழித்தது. 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. பையை நாமே நெய்கிறவர்கள். வேறெங்கோ தைத்த பையை விலைக்கு வாங்கி, அதில் நம் கைத்தறிச் சேலையைப் போட்டுக் கொடுக்கும் நிலையங்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

இறுதியாக, கடை அடைத்த பின் உள்ள நேரம். அமெரிக்காவில் எல். ஃபிராங்க் பாம் என்பவர் 1897-ஆம் ஆண்டில் கடைச் சன்னல் அலங்காரத்துக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கினார். 1900-இல் அப்பொருள் பற்றி ஒரு நூலும் எழுதினார். உலகப் புகழ் பெற்ற ‘ஓஸ்’ மந்திரவாதிக் கதையை எழுதிய அதே பாம்தான், அதே ஆண்டில்! இலண்டனில் 1909-இல் செல்ஃப்ரிட்ஜ் தம் பெருங்கடையைத் திறந்தபோது, கடை மூடிய பின்னும் சன்னல்களில் விளக்கெரிய விட்டார். இரவில் நடப்பவர் நின்று பார்த்துவிட்டு மறுநாள் வந்தனர். தாம்பரத்தில் ஒன்பது மணிக்குப் பின்னும் இரயில்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. முழு இரும்பு ஷட்டருக்குப் பதிலாக, முகப்பின் ஒரு பகுதிக்கேனும் வலைப்பின்னல் கதவிட்டு, உள்ளே ஒரு சேலையை விரித்து, அதன்மேல் ஒன்பது வாட் விளக்கு ஒன்றை இரவு எட்டரை முதல் பன்னிரண்டரை வரை எரியவிடுவதற்கு மாதம் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் செலவாகும். விலையுயர்ந்த பட்டு வேண்டா. அன்று வந்த பருத்திச் சேலையே போதும். விலை அட்டை மட்டும் வெளிப்புறம் பார்த்திருக்கட்டும்.